காலையில் தள்ளிப்போகும் படகுத்துறை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கேட்கிறவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்வது மரியாதை இல்லை என்பதால், சொல்கிறவன் தன் தலையிலேயே அடித்துச் சொல்கிறான். அங்கே முடி அதிகம் இல்லை. அடி நேராகவே விழும்.

ஆற்றங்கரை ஊர் அது. பனிக்காலத்துக் காலைகளில் அங்கே பனி எவ்வளவு கெட்டி என்றால், சைக்கிளை அதன் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். துவைத்த துணியைக் கொடி இல்லாமலே பனியில் மாட்டுவார்கள். வெயில் ஏற ஏறத் துணி மெல்ல இறங்கித் தரைக்கு வந்து சேரும், மடித்து வைக்காத குறைதான். அந்த நேரத்தில் தெருவில் நடப்பதும் தூக்கத்தில் நடப்பதும் ஒன்றுபோல இருக்கும். எதிரே வருபவர் முகம் தெரிவதற்குள் அவர் கடந்து போயிருப்பார், அவருடைய தும்மல் மட்டும் பின்னால் வரும்.

அந்தப் பனியில் அக்கரையிலிருந்து வரும் படகுகளுக்கு விளக்கு உதவவில்லை. மணி அடித்துப் பார்த்தார்கள். மணியோசை பனிக்குள் புகுந்து வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தது, மறுநாள் மத்தியானம்தான் வெளியே வந்தது. உதவியது ஒரு பெண்ணின் குரல். படகுத்துறையின் கோடியில் கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. அதில் ஒலிபெருக்கியின் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவள் சொல்வாள்: "துறை இங்கே. நிதானமா வாங்க. துறை இங்கே."

அவள் பேசினால் பனியில் குழாய் போல ஒரு வட்டப் பாதை விழும். அதற்குள் படகை விட்டால் நேரே துறையில் வந்து நிற்கலாம். படகோட்டிகள் அவளைக் குரலக்கா என்று அழைத்தார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் சொன்னார்கள். ஒருவர் மட்டும் "இந்தாம்மா" என்பார். அவர் அவளுடைய கணவர், பெரிய படகின் சுக்கான் பிடிப்பவர். காலையில் முதல் படகும் இரவில் கடைசிப் படகும் அவருடையவை.

தூரத்தை அளக்க அவர்கள் வைத்திருந்த வழியும் அந்தக் குரல்தான். குரல் தெளிவாக இருந்தால் துறை கிட்டே இருக்கிறது, எஞ்சினை அணைக்கலாம். குரல் மங்கிக் கரகரத்தால் துறை இன்னும் எட்டத்தில் இருக்கிறது, ஓட்டலாம். இதைத் தவிர வேறு கணக்கு எதுவும் அந்த ஆற்றில் யாருக்கும் தெரியாது. தேவைப்பட்டதும் இல்லை.

பிறகு ஒரு பனிக்காலத்தில் துறை தள்ளிப்போக ஆரம்பித்தது.

முதலில் மோதியது அவள் கணவரின் படகுதான். முழு வேகத்தில் வந்து துறையில் இடித்ததில் பயணிகள் எல்லாரும் ஓர் இருக்கை முன்னால் போய் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் துறைக்கே வந்துவிட்டார்கள், அவர்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. "குரல் எங்கயோ தூரத்துல கேட்டுச்சு, நான் ஏன் அணைக்கணும்?" என்று சுக்கான்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. பின்னால் வந்த படகுகளும் அதே கேள்வியோடு இடித்தன.

மாலையிலும் பனி இறங்கும். ஆனால் மாலையில் எந்தப் படகும் இடிக்கவில்லை.

துறை அதிகாரி நீண்ட நேரம் யோசித்து ஒரே ஒரு முடிவுக்கு வந்தார். துறை காலையில் ஆற்றுக்குள் எங்கேயோ போய்விடுகிறது, மாலையில் திரும்பி வருகிறது. உடனே அதைச் சங்கிலியால் கரையோடு கட்டினார். அதுவும் போதாதென்று கனமான இரண்டு பேரைப் பிடித்துத் துறையின் மேல் உட்கார வைத்தார். ஊரும் இதை எளிதாக ஏற்றுக்கொண்டது. காலையில் துறை தூரமாயிற்றே என்று ஜனங்கள் வீட்டிலிருந்து முன்னதாகவே கிளம்பினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் "துறை வந்தாச்சா?" என்று விசாரித்துக்கொண்டார்கள்.

உண்மை ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்தது. குரலக்கா கண் விழிக்கும்போதே தொண்டையில் ஏதோ உருண்டையாக உட்கார்ந்திருக்கும். விழுங்கினாலும் போகாது, காறினாலும் வராது. கெட்டியாகக் கொஞ்சம் சளி மட்டும் வரும். காலையில் குரல் சாக்குப் பையைத் தரையில் இழுப்பது போலக் கரகரக்கும். மத்தியானம் தாண்டினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். காய்ச்சல் இல்லை, ஜலதோஷம் இல்லை, நெஞ்செரிச்சலோ வயிற்று வலியோ கிடையவே கிடையாது. வலிக்காத ஒன்றை நோய் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அதிகாரி எச்சரித்திருந்தார். அடுத்த பனிக்காலத்திலும் துறையில் இடிக்கிற சுக்கான்காரர் படகைவிட்டு இறங்க வேண்டியதுதான். முதல் படகு பனி மிகக் கெட்டியாக இருக்கும் நேரத்தில் வருகிறது, அவள் குரலும் அப்போதுதான் மிகக் கெட்டிருக்கிறது. ஆகவே அந்த ஒருவர் யாராக இருப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் சுக்கான் போய்விடுமே என்றுகூட அவள் அவ்வளவு கவலைப்படவில்லை. இடிப்பது என்றால் துறையையாவது கண்டுபிடித்திருக்கிறார் என்று அர்த்தம். குரல் இன்னும் தேய்ந்து ஒரேயடியாக நின்றுபோனால்? அந்த வெள்ளைக்குள் மனிதர் எந்தப் பக்கம் திரும்புவார்? இதை நினைத்துத்தான் அவள் கண்ணாடி அறைக்குள் கனைத்துக் கனைத்து உட்கார்ந்திருந்தாள்.

குரல் கம்முகிறது என்று வீட்டில் தெரிந்ததும் வைத்தியம் தடபுடலாக நடந்தது. நாத்தனார், கணவரின் அக்கா, அந்த வீட்டின் சமையலுக்கும் சட்டத்துக்கும் பொறுப்பானவள். அவள் கடுங்காப்பியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கணவர் தினமும் அக்கரையிலிருந்து ஒரு பொட்டலம் புதினா மிட்டாய் வாங்கி வந்தார். தொண்டைக்கு இதம் என்று கடைக்காரர் சொன்னாராம். துறை அதிகாரிகூட ஒதுங்கி நிற்கவில்லை. குரல் வயிற்றிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி, சீருடையின் அகலப் பட்டையைக் கடைசித் துளை வரை இறுக்கிப் போடும்படி உத்தரவிட்டார். இரவில் கடைசிப் படகு வந்து கணவர் கை கழுவும்வரை வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. சாப்பாடு பொரித்ததும் வறுத்ததுமாகப் பலமாக இருக்கும். உண்ட கையோடு அவள் படுத்துவிடுவாள், விடியும் முன்னே துறைக்குப் போக வேண்டுமே.

படுத்ததும் ஒரே கனவு வரும்.

கனவில் அவளுக்குள்ளேயே ஓர் ஆறு இருந்தது. மங்கலான பச்சை நிறம், புளித்த வாடை. அதன் மேல்பக்கம் ஒரு சின்ன மதகு, மதகுக்கு ஒரு காவல்காரர். நாற்காலியில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருப்பார். வாயில் புதினா மிட்டாய். மதகு ஒருக்களித்துத் திறந்தே கிடக்கும். ஆறு சத்தமில்லாமல் படிப்படியாக மேலே ஏறி வரும். நெஞ்சைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது போல அவ்வளவு பூனை நடை. உச்சியில் ஒரு குட்டி அறை. அங்கே இரண்டு வெள்ளைத் திரைகள் ஒன்றையொன்று பார்த்தபடி தொங்கும். ஆறு அந்தத் திரைகளின் ஓரத்தை நனைத்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போகும். அவள் காவல்காரரை எழுப்பப் பார்ப்பாள். கூப்பிடக் குரல் வராது. விழித்துக்கொள்வாள். விடிந்திருக்கும்.

முதல் படகில் தினமும் வருபவர்களில் ஒருவர் தொண்டை மருத்துவர். நடுவயதுப் பெண். மடியில் ஒரு ஃபிளாஸ்க் வைத்திருப்பார். துறை தள்ளிப்போன நாளிலிருந்து அதில் இருந்த தேநீரில் ஒரு வாய்கூட அவர் குடித்ததில்லை, எல்லாவற்றையும் சேலைதான் குடித்தது. ஒரு நாள் நெற்றியில் புடைப்போடு அதிகாரியிடம் போய், துறை காலையில் போவது சரி, மாலையில் அதைத் திருப்பி அழைத்து வருவது யார் என்று கேட்டார். அது ஆய்வில் இருப்பதாக அதிகாரி சொன்னார். மருத்துவர் நேரே கண்ணாடி அறைக்கு ஏறி வந்தார். திட்டத்தான் வந்தார். ஆனால் கதவருகே நின்று கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"எவ்வளவு நாளா இப்படிக் கனைச்சுக்கிட்டே இருக்கீங்க?"

"நானா? கனைக்கிறேனா?" என்று கேட்டுவிட்டுக் குரலக்கா கனைத்தாள்.

"காலைல மோசம், சாயங்காலம் பரவாயில்ல. அப்படித்தானே?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை பேர் துறையைக் கட்டிப்போட்டிருக்க, கயிறு எங்கே அவிழ்ந்திருக்கிறது என்று கேட்ட முதல் ஆள் இவர்தான்.

"நெஞ்சு எரியுதா?"

"அதெல்லாம் இல்லைங்க. என் வயிறு கல்லைப் போட்டாலும் கரைச்சிரும்."

"அதான் வினையே. எரிஞ்சிருந்தா எப்பவோ வந்திருப்பீங்க. இது எரியாம வர்ற ஆசாமி."

அன்று மாலையே மருத்துவமனையில் அவள் மூக்கு வழியாக, நுனியில் கேமரா வைத்த ஒரு மெல்லிய குழாய் உள்ளே போனது. கொஞ்சம் கூச்சமாக இருந்தது, வலி இல்லை. பக்கத்தில் இருந்த டிவி பெட்டியில் படம் வந்தது.  அவள் கனவில் கண்ட குட்டி அறை அது. அதே இரண்டு திரைகள். ஆனால் வெள்ளை மங்கி, ஓரம் சிவந்து, மழையில் நனைந்த தலையணை போல உப்பியிருந்தன.

"இந்தத் திரை எனக்குத் தெரியும்," என்றாள்.

"எல்லாரும் புதுசா பாப்பாங்க, நீங்க சொந்தக்காரங்களப் பாக்கிற மாதிரி பாக்கிறீங்க," என்றார் மருத்துவர். பிறகு விளக்கினார். சாப்பாட்டுக் குழாய் இரைப்பையில் சேருகிற இடத்தில் வளையம் போல ஒரு தசை உண்டு. கதவு மாதிரி. அது தளர்ந்தால் இரைப்பை அமிலம் மேலே ஏறும். மேல்வாசலில் இன்னொரு கதவு இருக்கிறது, அதையும் தாண்டிவிட்டால் தொண்டை வரை வந்துவிடும். இரைப்பைக்கு அமிலம் பழகிப்போனது, அந்த இரண்டு திரைகள்தான் குரல் நாண்கள், அவற்றுக்குப் பழகாது. துளி பட்டாலே வீங்கும்.

அதன் பிறகு அவள் தினசரி வாழ்க்கையைச் சொல்லச் சொன்னார். அவள் சொல்லிக்கொண்டே போக, மருத்துவர் முகத்தில் முதலில் கவலை வந்தது, அப்புறம் வியப்பு, கடைசியில் சிரிப்பை அடக்க மேசை டிராயரைத் திறந்து எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். நேரங்கழித்து வயிறு முட்டச் சாப்பிட்டு அப்படியே படுப்பது. காப்பி. புளிப்பு. வயிற்றைப் பிழிகிற பட்டை. "புதினாவுமா?" என்று மட்டும் வாய்விட்டுக் கேட்டார். புதினா அந்தக் கதவைத் தளர்த்திவிடுமாம்.

"உங்க வீட்ல பாசத்தாலயே உங்களப் பாடாப் படுத்தியிருக்காங்க. ஆனா சீக்கிரம் வந்துட்டீங்க. இது தழும்பாகிறதுக்கு முன்னாடி, வேற எதாவது ஆகிறதுக்கு முன்னாடி. குரல் கம்மி மூணு வாரம் தாண்டிச்சுன்னா, சளின்னு சொல்லிட்டு யாரும் சும்மா இருக்கக் கூடாது. உள்ள எட்டிப் பாத்துரணும். சிகரெட் குடிக்கிறவங்கன்னா கட்டாயம்."

மாத்திரை எழுதினார். ஆனால் மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதியைச் செய்ய வேண்டியது சாப்பாட்டு மேசையும் கட்டிலும் என்றார். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே அளவாகச் சாப்பிட வேண்டும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும். கனைப்பு வந்தால் கனைக்காமல் ஒரு வாய் தண்ணீர் விழுங்க வேண்டும். நாளைக்கே சரியாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது, மாதங்கள் ஆகலாம்.

வீட்டில் இந்தத் தீர்ப்பை நாத்தனாரிடம் சொல்வது அமிலத்தை விழுங்குவதைவிடக் கடினமாக இருந்தது. "தம்பி ஆத்துல கெடக்கான், நீ இங்க கைய நனைப்பியா? அப்படி என்ன பசி உனக்கு?" என்றாள். காப்பியைக் குறை சொன்னதில் அவளுக்கு அதைவிடக் கோபம். அந்தக் காப்பியைக் குடித்துத்தான் தன் தம்பி இத்தனை பெரியவனானான் என்றும், அவன் தொண்டையில் எந்த ஆறும் ஏறவில்லை என்றும் சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

கணவர் சட்டைப் பையிலிருந்து அன்றைய மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான்தான் துறையத் தள்ளி வச்சிருக்கேன்."

"நீங்க தனியா இல்லைங்க," என்றாள் அவள். "எல்லாரும் சேந்து தள்ளினீங்க. நான் வேற கனைச்சுக் கனைச்சுத் தள்ளினேன்."

அவர் எழுந்து போய்க் கொல்லையிலிருந்து செங்கல்களைக் கொண்டுவந்து கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே அடுக்கினார். பதற்றத்தில் கொஞ்சம் அதிகமாகவே அடுக்கிவிட்டார். மறுநாள் காலை அவர் கண் விழித்தது சமையலறையில். இரவெல்லாம் சறுக்கி வந்திருக்கிறார். நாத்தனார் அவரைத் தாண்டிக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். செங்கல்கள் குறைக்கப்பட்டன.

அந்தப் பனிக்காலத்தின் மிச்ச நாட்களை எப்படியோ ஓட்டினார்கள். கணவர் ஆமை வேகத்தில் படகை விட்டார். பயணிகள் வழியில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார்கள். வெயில் வந்தது, கூப்பிடும் வேலை ஓய்ந்தது. குரலக்கா பொழுது சாயும் முன் தனியாகச் சாப்பிட்டாள். கணவர் வந்ததும் அவர் தட்டுக்கு எதிரே வெறும் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்து கதை கேட்டாள். இடுப்புப் பட்டையை இரண்டு துளை தளர்த்தினாள். அதிகாரி அதைக் கண்டும் காணாமல் போனார், அவர் கவனம் சங்கிலியில் இருந்தது. கனவில் காவல்காரர் மிட்டாய் இல்லாத வாயோடு முதலில் கொட்டாவி விட்டார், பிறகு எழுந்து உட்கார்ந்தார், ஒருநாள் மதகை இழுத்துச் சாத்திவிட்டு அவளுக்கு வணக்கம் வைத்தார். அதன் பிறகு அந்தக் கனவு வரவில்லை. எப்போதாவது ஒரு நாள் நாத்தனாரின் வறுவலுக்கு ஆசைப்பட்டால் மட்டும் மறுநாள் காலை தொண்டை ஞாபகப்படுத்தும்.

மறுவருடம் பனி இறங்கிய முதல் காலை, துறை அதிகாரியே அக்கரையிலிருந்து முதல் படகில் ஏறினார். சுக்கான்காரர் இடித்தால் அங்கேயே இறக்கிவிடுவது என்று வந்திருந்தார். மருத்துவர் வழக்கமான இடத்தில், ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஆற்றின் நடுவே வரும்போது குரல் கேட்டது.

"துறை இங்கே. நிதானமா வாங்க."

அது பழைய குரல்கூட இல்லை. வருடக்கணக்காக ஆறு ஏறி ஏறிக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியிருந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை. இப்போது கழுவித் துடைத்த கண்ணாடி போலக் காதருகில் வந்து நின்றது. சுக்கான்காரர் பதறிப்போய் எஞ்சினை அணைத்தார். கயிற்றைத் தூக்கி வீசினார். கயிறு பனியில் சிக்கி நின்றது.

"பாத்தீங்களா? சங்கிலி வேலை செஞ்சிருச்சு. துறை வந்துருச்சு," என்று சொல்லிக்கொண்டே அதிகாரி படகிலிருந்து இறங்கினார். பனி அன்று நல்ல கெட்டி, அவர் போட்டிருந்த செருப்பும் நல்ல அகலம். கம்பீரமாகக் கொஞ்ச தூரம் நடந்தார். அப்புறம் குனிந்து பார்த்தார். பார்த்தது தப்பு. இடுப்பளவு இறங்கி, ஒரு மேகத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். படகு எஞ்சின் இல்லாமல் நீரோட்டத்தில் மெல்லத் திரும்பியது. எந்தப் பக்கம் எது என்று யாருக்கும் தெரியவில்லை.

கண்ணாடி அறையில் குரலக்கா காத்திருந்தாள். இடி விழவில்லை. போன பனிக்காலத்திலிருந்து படகு வந்துவிட்டது என்பதற்கு அவளுக்கு இருந்த அடையாளமே அந்த இடிதான். எஞ்சின் சத்தமும் நின்றுபோயிருந்தது. வெளியே வெள்ளை. அவள் பயந்த அதே வெள்ளை. தொண்டைக்குள் கனைப்பு ஒன்று எழுந்து வாசல்வரை வந்தது. அவள் டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் விழுங்கினாள். பிறகு, அந்த ஒலிபெருக்கியில் அதுவரை யாரும் சொல்லாததைச் சொன்னாள்.

"என்னங்க, துறை எங்கயும் போகல, வரவும் இல்ல. என் குரல்தான் திரும்பி வந்திருக்கு. நீங்க நிறுத்தாம வாங்க. நான் பேசிட்டே இருக்கேன்."

சுக்கான்காரர் எஞ்சினைப் போட்டார். பனிக்குள் வட்டமாக ஒரு பாதை திறந்து கிடந்தது, உள்சுவர் வழவழவென்று. போகிற வழியில் அதிகாரியை மேகத்தோடு சேர்த்து உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அடுப்படிச் சங்கதி, நாத்தனார் முணுமுணுத்தது, குடை எங்கே இருக்கிறது என்பது வரை அந்த ஊரே கேட்டது. படகு துறையில் எவ்வளவு பூப்போலச் சேர்ந்தது என்றால், வந்து சேர்ந்தது தெரியாமல் பயணிகள் வெகு நேரம் உட்கார்ந்தே இருந்தார்கள். மருத்துவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீரை ஊற்றிக் குடித்தார்.

துறை சரியான இடத்துக்கு வந்துவிட்டதாக அதிகாரி ஈர உடையோடு அறிவித்து, சங்கிலியை அவிழ்க்கச் சொன்னார். கனமான இரண்டு பேரும் வேலை போன வருத்தத்தோடு எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

சுக்கான்காரர் படியேறிக் கண்ணாடி அறை வாசலுக்கு வந்தார்.

"என்ன வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள் அவள்.

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வெறுங்கை.

"நல்லது," என்றாள்.

தலையில் அடித்துச் சொல்ல இன்னும் ஒரே ஒரு சத்தியம் பாக்கி: அந்த ஊரில் ஆறு கிடையாது.